கணக்குப் போடுங்கள், இருட்டு தோற்கும்!

"கரண்ட் போனால் நாம் என்ன செய்ய முடியும்?"

இந்தக் கேள்வியை முதலில் வீட்டை விட்டு விரட்டுங்கள். இது கேள்வியே இல்லை. கேள்வி வேடம் போட்ட சோம்பல்!

வாசலுக்கு ஒரு கேமரா, கொல்லைக்கு ஒன்று, மாடிப்படிக்கு ஒன்று, கடைச்சரக்கு வைத்த அறைக்கு ஒன்று என்று ஆயிரக்கணக்கில் செலவழித்து மாட்டுகிறோம். பெட்டியில் பதிவு ஓடுகிறது, கைப்பேசியில் படம் தெரிகிறது, மனம் குளிர்கிறது. ஒரு மழை இரவில் மின்சாரம் போகிறது. நான்கு கண்களும் ஒரே நொடியில் மூடிக்கொள்கின்றன. காலையில் பார்த்தால் பதிவில் நான்கு மணி நேரத்தைக் காணோம். "அந்தமானில் இதெல்லாம் சகஜம்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகிறோம்.

சகஜமா? காவல் தேவைப்படும் நேரத்தில் காவல்காரன் தூங்கிப்போவது சகஜமா?

வாங்கும்போது எத்தனை மெகாபிக்சல் என்று கேட்டீர்கள். எத்தனை நாள் பதிவு நிற்கும் என்று கேட்டீர்கள். இருநூறு ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசினீர்கள். "இதெல்லாம் சேர்ந்து எத்தனை வாட் இழுக்கும்?" என்று கேட்டீர்களா? கேட்கவில்லை. கேட்டால் புரியாதோ என்ற பயம். "அதெல்லாம் எலக்ட்ரீஷியன் சமாச்சாரம்" என்ற தயக்கம். அந்தத் தயக்கத்தைத்தான் இன்று உடைக்கப் போகிறோம்.

கண்ணாடி முன் நின்று "என்னால் முடியும்" என்று பத்து முறை சொன்னால் தன்னம்பிக்கை வந்துவிடாது. "இவ்வளவு வேண்டும், இவ்வளவு இருக்கிறது, இன்னும் இவ்வளவு சேர்க்க வேண்டும்" என்று ஒரு தாளில் எழுத முடிகிற அன்றைக்கு வரும். வந்தால் போகாது!

தீவுக்குக் கடன் கொடுப்பார் இல்லை

தமிழ்நாட்டில் ஓர் அனல் மின் நிலையம் நின்றுபோனால் தேசிய மின்தொகுப்பு கைகொடுக்கும். அவசரத்துக்குப் பக்கத்து வீட்டில் ஓர் ஆழாக்கு அரிசி வாங்குவது போல ஒரு மாநிலம் இன்னொரு மாநிலத்திடம் மின்சாரம் வாங்கிக்கொள்ளும். அந்தமான் நிக்கோபாருக்கு அந்த வழி இல்லை. சென்னைக்கும் நமக்கும் நடுவே ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கடல். தேசிய மின்தொகுப்பு அதைத் தாண்டி வரவில்லை.

எனவே இங்கே எரியும் ஒவ்வொரு விளக்குக்கும் இங்கேயே மின்சாரம் உண்டாக்க வேண்டும். பெரும்பங்கு டீசல் ஜெனரேட்டர்களுடையது. அந்த டீசலும் கப்பலில் வந்து இறங்க வேண்டும். வடக்கு அந்தமானில் டிக்லிபூர் பக்கம் கல்பொங் ஆற்றில் 5.25 மெகாவாட் நீர்மின் நிலையம் 2001 முதல் ஓடுகிறது. போர்ட் பிளேரின் கராச்சராமாவில் 5 மெகாவாட் சூரிய மின் நிலையம் இருக்கிறது. போர்ட் பிளேர்தான் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய ஊர். பெயர் மாறினாலும் கணக்கு மாறவில்லை: நம் தேவையை நாமே எண்ண வேண்டும், நாமே ஈடுகட்ட வேண்டும்.

இதைக் குறையாகப் பார்ப்பவர் புலம்புவார். பாடமாகப் பார்ப்பவர் நிமிர்வார்!

இலங்கையின் மலைத்தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பி, நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர் மரங்களோடு வாழ்க்கையை மறுபடி தொடங்கிய தமிழ்க் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். 2004 டிசம்பர் 26 அன்று கடல் எழுந்து அந்தத் தீவையே புரட்டிப் போட்டது. உயிர் தப்பியவர்கள் மிச்சம் இருந்ததை எண்ணிப் பார்த்து அடுத்த நாளைத் தொடங்கினார்கள். அப்படிப்பட்டவர்கள் வாழும் மண்ணில் நின்றுகொண்டு, நான்கு கேமராவின் மின்கணக்கு வராது என்று சொல்லலாமா?

ஒரு தாள், ஒரு பேனா

உட்காருங்கள். கூட்டலும் பெருக்கலும் போதும், பள்ளிக்கூடத்துக் கணக்குதான்.

வீட்டுக்குப் போடும் சாதாரண ஐ.பி. கேமரா ஒன்று பகலில் மூன்று, நான்கு வாட் இழுக்கும். இருட்டியதும் அதன் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கும். இழுப்பு ஆறு வாட் வரை ஏறும். எந்த எண்ணை எழுத வேண்டும்? கூடுதலானதை. இந்தத் தீவின் கடிகாரம் அலகாபாத் பக்கத்து நேரத்தைக் காட்டுகிறது; சூரியனோ நமக்கு நாற்பது நிமிடம் முன்னதாகவே வேலையை முடித்துக்கொள்கிறது. நவம்பர், டிசம்பரில் மாலை 5 மணிக்கே அஸ்தமனம். அங்கிருந்து பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் உங்கள் கேமரா இரவுப் பணியில் இருக்கும். பகல் கணக்கைப் போட்டுவிட்டு இரவை எதிர்கொள்ளாதீர்கள்.

எழுதுங்கள். நான்கு கேமரா, தலைக்கு 6 வாட்: 24. பதிவுப் பெட்டியான என்.வி.ஆர்., உள்ளே ஹார்ட் டிஸ்க்கோடு: 15. இணைய ரவுட்டர்: 10. மொத்தம் 49. அடாப்டரும் சுவிட்ச்சும் சூடாகி வீணாக்குவதைச் சேர்த்தால் 60 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 24 மணி நேரம்: 1,440 வாட் மணி, அதாவது ஏறத்தாழ ஒன்றரை யூனிட். மாதத்துக்கு 43 யூனிட்.

முடிந்தது! இவ்வளவு காலம் பயந்தது இந்த நான்கு வரிக்குத்தான்.

இப்போது இரண்டு எச்சரிக்கை. ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கும் முதல் சில நொடிகளில் தன் வழக்கமான இழுப்பைப் போலப் பல மடங்கு கேட்கும். இருபது வாட்டைக்கூடத் தாண்டும். கரண்ட் வந்தவுடன் பெட்டி திணறித் திணறி மறுபடி மறுபடி எழுந்தால், பெரும்பாலும் பலவீனமான அடாப்டர்தான் காரணம். ஆகவே கணக்கில் வந்த எண்ணோடு கால் பங்கு சேர்த்து வாங்குங்கள். 60 வந்தால் 75-க்குக் குறையாமல் தரக்கூடியது.

இரண்டாவது, பி.ஓ.இ. சுவிட்ச். ஒரே கேபிளில் படமும் மின்சாரமும் போகும் அருமையான ஏற்பாடு. 2003-ல் வந்த அதன் முதல் தரவிதி, ஒரு போர்ட்டிலிருந்து 15.4 வாட் கிளம்பலாம், கேமராவின் கைக்கு 12.95 வாட் சேரும் என்று வகுத்திருக்கிறது. மீதி 2.45 வாட் நூறு மீட்டர் கேபிளில் கரையக்கூடியது. உலகத் தரம் எழுதியவர்களே இழப்பை மறைக்காமல் கணக்கில் எழுதியிருக்கிறார்கள், பாருங்கள்! சுவிட்ச் வாங்கும்போது எட்டு போர்ட் இருக்கிறது என்பதோடு நின்றுவிடாதீர்கள். எட்டும் சேர்ந்து மொத்தம் எத்தனை வாட் தரும் என்று அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். எட்டையும் முழு அளவில் ஓட்ட 123 வாட் வேண்டும். விலை குறைந்தவை பலவும் அதில் பாதிதான் தரும். உங்கள் நான்கு கேமராவுக்கு அது தாராளம். நாளைக்கு ஒரு சுழலும் கேமராவைச் சேர்த்தால் அது மட்டுமே 20 வாட்டுக்கு மேல் கேட்கலாம். நாளையையும் இன்றே எழுதி வையுங்கள்.

வேகம் வேறு, கையிருப்பு வேறு

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி வெட்டி வளர்ந்த என்.எல்.சி. நிறுவனம் போர்ட் பிளேரில் 20 மெகாவாட் சூரிய மின் நிலையம் அமைத்தது. 2020-ல் முழு அளவுக்கு வந்தது. கூடவே 8 மெகாவாட் மணி பேட்டரி. வெறும் தகடுகளோடு விட்டிருக்கலாமே, பேட்டரி ஏன்? ஒரு மேகம் கடந்தால் உற்பத்தி சரியும். தனித்து நிற்கும் தீவின் மின்கட்டமைப்பு அந்த ஆட்டத்தைத் தாங்காது. அதைத் தாங்கிப் பிடிக்கத்தான் பேட்டரி.

இப்போது அந்த இரண்டு எண்களையும் பாருங்கள். மெகாவாட் என்பது எவ்வளவு வேகத்தில் தர முடியும் என்பது. மெகாவாட் மணி என்பது மொத்தம் எவ்வளவு தர முடியும் என்பது. 20 மெகாவாட் வேகத்தில் இழுத்தால் 8 மெகாவாட் மணி இருப்பு 24 நிமிடத்தில் தீரும். அதைப் போட்டவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மேகம் கடக்கும் நேரத்துக்குப் போட்டார்கள், இரவு முழுவதற்கும் அல்ல.

உங்கள் வீட்டு யு.பி.எஸ். கதையும் இதுவே! கடையில் "600 வி.ஏ., 360 வாட் தாங்கும்" என்பார்கள். உண்மைதான், அது வேகம். கையிருப்பு எவ்வளவு? உள்ளே இருப்பது 12 வோல்ட், 7 ஏ.எச். (ஆம்பியர் மணி) பேட்டரி ஒன்று. பெருக்குங்கள்: 84 வாட் மணி. அதிலும் முழுவதும் கைக்கு வராது. நம் 60 வாட்டுக்கு முக்கால் மணி நேரம் வந்தால் பெரிது. "யு.பி.எஸ். போட்டிருக்கிறேன்" என்று நெஞ்சை நிமிர்த்துவோரில் எத்தனை பேருக்கு அந்த முக்கால் மணி நேரம் தெரியும்? தெரியாத தைரியத்தின் பெயர் நம்பிக்கை அல்ல, அசட்டுத் துணிச்சல்!

இரவு முழுவதும் வேண்டுமா? இன்வெர்ட்டருக்கு வாருங்கள். 150 ஏ.எச். பேட்டரி: 12 வோல்ட்டால் பெருக்கினால் 1,800 வாட் மணி. லெட்-ஆசிட் பேட்டரியைத் தினமும் அடிமட்டம் வரை வடித்தால் அதன் ஆயுள் குறையும். பாதியை மட்டும் செலவழிப்பது என்று முடிவெடுங்கள். 900. இன்வெர்ட்டர் தனக்கென எடுத்துக்கொள்வதையும் சேர்த்து 75 வாட் இழுப்பு. வகுங்கள்: 12 மணி நேரம். ஓர் இரவு உங்கள் கையில்!

ஆனால் அதே இன்வெர்ட்டரில் ஒரு பழைய மின்விசிறியைச் சுழல விட்டால் அது மட்டுமே 75 வாட். உங்கள் பன்னிரண்டு மணி நேரம் ஆறுக்கும் கீழே போகும். என்ன வேண்டும் என்பதை வரிசைப்படுத்துவதும் ஆளுமைதான். பதிவுப் பெட்டி, கேமரா, ரவுட்டர் முதலில். படம் பார்க்கும் டி.வி. அணையட்டும், நீங்கள் பார்க்காவிட்டாலும் பதிவு ஓடும். இன்வெர்ட்டரை 'யு.பி.எஸ்.' நிலையில் வையுங்கள். மற்ற நிலையில் மின்சாரம் மாறும் இடைவெளி நீண்டு, பெட்டி அணைந்து எழும்.

கம்பி தின்னும் வோல்ட்

பகலில் பளிச்சென்று படம் காட்டும் கேமரா, இருட்டியதும் கண் சிமிட்டிச் சிமிட்டிக் கருத்துப் போகிறது. "கேமரா மட்டம்" என்று திட்டுகிறோம். குற்றவாளி பல நேரம் கம்பி!

பழைய முறையில் 12 வோல்ட் எஸ்.எம்.பி.எஸ். மின்பெட்டியிலிருந்து நேரடியாக மின்சாரம் அனுப்புவோம். அரை சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, 90 மீட்டர் தூரம். போக வர 180 மீட்டர். மின்தடை ஏறத்தாழ 6 ஓம். இரவில் கேமரா 0.4 ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே இரண்டரை வோல்ட் காணாமல் போகும். 12 கிளம்பி ஒன்பதரை சேரும். பகலில் அகச்சிவப்பு விளக்கு எரியாததால் இழப்பு குறைவு, எனவே தப்பிக்கிறது. கம்பி செம்பாக இல்லாமல் செம்புப் பூச்சுப் பூசிய அலுமினியமாக இருந்தால் இழப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும்.

தீர்வு? தடித்த கம்பி. அல்லது கேமராவுக்கு அருகிலேயே மின்சாரம். அல்லது 48 வோல்ட் பக்கம் போகும் பி.ஓ.இ.: அதே வாட்டுக்கு ஆம்பியர் கால் பங்காகும், கம்பியில் கரைவதும் சுருங்கும். தோட்டம் தாண்டிய வாசலுக்கு எதைத் தேர்ந்தெடுப்பது என்று இனி உங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இது சின்ன வீட்டுச் சமாச்சாரம் என்று நினைக்கிறீர்களா? கடலுக்கு அடியில் பாருங்கள். 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னை – அந்தமான் நிக்கோபார் கடலடிக் கேபிள் தொடங்கிவைக்கப்பட்டது. போர்ட் பிளேரையும் ஹேவ்லாக், ரங்கத், கார் நிக்கோபார், கேம்பல் பே உள்ளிட்ட இடங்களையும் இணைத்து 2,300 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஓடும் ஒளி நெடுந்தூரத்தில் மங்கும். அதனால் சென்னை – போர்ட் பிளேர் பாதையில் ஆழ்கடலிலேயே ஒளியைப் பெருக்கும் கருவிகள் வைத்திருக்கிறார்கள். அவற்றுக்கு அங்கே பிளக் பாயிண்ட் ஏது? இத்தகைய கேபிள்களில் கரையிலிருந்துதான், அதே கேபிளுக்குள் ஓடும் உலோக உறை வழியாக, உயர் அழுத்த நேர்மின்சாரம் செலுத்துவார்கள். எத்தனை கருவி, எத்தனை கிலோமீட்டர், வழியில் எத்தனை வோல்ட் கரையும் என்று கேபிளைக் கப்பலில் ஏற்றும் முன்பே எண்ணியாக வேண்டும். கடலடியில் போய் மீட்டர் வைத்துப் பார்க்க முடியாதே!

இன்று உங்கள் கைப்பேசிக்கு வாசல் கேமராவின் படம் வருவது அந்தக் கேபிளின் தயவில். மின்கணக்கை முதலில் போட்டவர்களால் அது ஓடுகிறது. அவர்கள் கடலுக்கே போட்ட கணக்கை நீங்கள் உங்கள் காம்பவுண்டுக்குப் போடமாட்டீர்களா?

உப்புக்காற்றுக்கு இரக்கம் இல்லை

இங்கே ஆண்டுக்கு மூன்று மீட்டர் அளவுக்கு மழை கொட்டுகிறது. இரண்டு பருவக்காற்றும் நம்மைத் தொட்டுத்தான் போகின்றன. உப்பு ஈரம் இணைப்பு முனைகளை அரிக்கும். அரித்த முனையில் மின்தடை ஏறும். நீங்கள் அழகாகப் போட்ட வோல்ட் கணக்கு அங்கே கவிழும். ஆகவே ஒவ்வொரு முனையும் ரப்பர் அடைப்புள்ள ஜங்ஷன் பாக்ஸுக்குள் போகட்டும். கேபிள் நுழையும் இடத்துக்குக் கீழே ஒரு வளைவு தொங்கட்டும். தண்ணீர் பெட்டிக்குள் வராமல் அங்கேயே சொட்டிவிடும்.

இடி மின்னலுக்கும், ஜெனரேட்டர் மாறும்போது துள்ளும் வோல்ட்டுக்கும் சர்ஜ் பாதுகாப்பு வையுங்கள். நல்ல எர்த் இல்லாமல் அது வெறும் அலங்காரம். 230 வோல்ட் பக்கம் கை வைப்பது உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் வேலை. அதில் வீரம் காட்டாதீர்கள். ஆனால் அவர் வரும்போது உங்கள் கையில் கணக்குத் தாள் இருக்கட்டும். "என்ன போடலாம்?" என்று கேட்பவருக்குக் கடையில் மிச்சம் இருப்பது கிடைக்கும். "இதுதான் வேண்டும்" என்று சொல்பவருக்கு வேண்டியது கிடைக்கும்!

உதிரி ஒன்று எப்போதும் வீட்டில் இருக்கட்டும்: ஓர் அடாப்டர், சில இணைப்பு முனைகள். உள்ளூரில் கிடைக்காத பொருள் சென்னையிலிருந்து கப்பலில் வர வேண்டுமானால் கடல் பயணமே மூன்று நாளைத் தொடும். திருடன் அத்தனை நாள் காத்திருக்க மாட்டான்.

வெயிலை நம்புங்கள், அளந்து நம்புங்கள்

சூரியத் தகடு போட நினைக்கிறீர்களா? அருமை. ஆனால் ஏப்ரல் வெயிலைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். ஆகஸ்ட் மேகத்தைப் பார்த்துப் போடுங்கள். மழை மாதத்தில் நாளொன்றுக்கு மூன்று மணி நேர முழு வெயில்தான் என்று கறாராக வைத்துக்கொள்வோம். நம் தேவை 1,440 வாட் மணி. தகடு தருவதில் முப்பது சதவீதம் பேட்டரியிலும் கருவிகளிலும் போகும்; அதை ஈடுகட்ட 2,060 உண்டாக்க வேண்டும். மூன்றால் வகுத்தால் 690 வாட். 350 வாட் தகடு இரண்டு போதும். கோடையில் மிஞ்சும், மிஞ்சட்டும், அதில் மின்விசிறியை ஓட்டுங்கள். மோசமான மாதத்துக்குத் தயாரானவரை நல்ல மாதம் ஏமாற்றாது.

கோபுரம் யார் கையில்?

போர்ட் பிளேரில்தான் செல்லுலார் சிறை நிற்கிறது. 1896-ல் தொடங்கி 1906-ல் கட்டி முடித்தார்கள். அன்று நடுவில் ஒரு கோபுரம், அதிலிருந்து பிரிந்த ஏழு சிறகுகள் இருந்தன. கோபுரத்தில் நின்ற காவலன் ஏழு பக்கமும் பார்வையை ஓட்டலாம். அறைக்குள் இருந்தவருக்கோ பக்கத்து அறையில் யார் என்றே தெரியாது. அன்று கண்காணிப்பு என்பது ஆள்பவன் நம்மீது போட்ட பூட்டு.

இன்று நம் வாசலைப் பார்க்கும் கண் நம்முடையது. எங்கே திருப்புவது, எப்போது விழித்திருப்பது என்று நாம் முடிவு செய்கிறோம். அந்த உரிமையோடு ஒரு கடமையும் வருகிறது: பக்கத்து வீட்டு ஜன்னல் பக்கம் அது திரும்பக் கூடாது. அந்த உரிமையை டீசல் கப்பலின் தாமதத்திடமோ ஓர் ஓட்டை அடாப்டரிடமோ பறிகொடுப்பதா?

இன்று இரவே!

நாளை என்று சொல்லாதீர்கள். இன்று இரவு உங்கள் வீட்டில் ஒவ்வொரு அடாப்டரையும் திருப்பிப் பார்த்து வோல்ட்டையும் ஆம்பியரையும் எழுதுங்கள். அது அந்த அடாப்டர் தரக்கூடிய உச்சம். கேமராவும் பெட்டியும் இழுக்கும் வாட் அவற்றின் அட்டையில் இருக்கும். அதையும் பக்கத்தில் எழுதிக் கூட்டுங்கள். கேபிள் தூரத்தை அடி எடுத்து வைத்து அளந்து பாருங்கள். பிறகு மெயினை அணைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். பதிவு எத்தனை நிமிடம் தாங்குகிறது? அந்த எண்ணைத் தாளின் மேல் கொட்டை எழுத்தில் எழுதுங்கள்.

அது முக்கால் மணி நேரமாக இருந்தால் வெட்கப்படாதீர்கள். உண்மையான எண் ஒன்று கையில் கிடைத்துவிட்டது. அதை ஏற்ற வழியும் தெரிந்துவிட்டது. கணக்கை முடித்ததும் பேனாவை உங்கள் பிள்ளையிடம் கொடுத்து, பக்கத்து வீட்டுப் பாட்டியின் வீட்டுக்கும் இதே கணக்கைப் போட்டுத் தரச் சொல்லுங்கள். மகனோ மகளோ, பதினைந்து வயதில் வாட்டையும் வாட் மணியையும் பிரித்தறிந்தால், நாளை இந்தத் தீவுகளின் மின் நிலையங்களுக்கே கணக்குப் போடும் பொறியாளர் உங்கள் வீட்டிலிருந்து கிளம்பலாம்.

"கரண்ட் போனால் என்ன செய்வீர்கள்?" என்று இனி யாராவது கேட்டால் தோளைக் குலுக்காதீர்கள். நிமிர்ந்து நின்று மணிக்கணக்கைச் சொல்லுங்கள்!